மலைப்பள்ளிச் செவிலியர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் உள்ள பள்ளி, விடுதிகளின் ஆசிரியர்களும் காப்பாளர்களும் சேர்ந்து எழுதுகிறோம். துணை சுகாதார நிலையச் செவிலியர்கள், நடமாடும் மருத்துவக் குழுவில் வருபவர்கள், உறைவிடப் பள்ளிகளில் சிக்ரூமை (உடம்பு சரியில்லாத பிள்ளைகள் தங்கும் அறையை) பார்த்துக்கொள்பவர்கள், உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். தடுப்பூசிக்கும் காய்ச்சல் மருந்துக்கும் நன்றி சொல்ல ஆள் உண்டு. பிள்ளைகளின் மனசைக் கவனித்ததற்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வயிற்றுவலி என்று வரும் பிள்ளையை "நடிக்கிறான்" என்று நீங்கள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், மாதவிலக்கு, காலையில் சாப்பிட்டதா என்று முதலில் உடம்பைப் பார்க்கிறீர்கள். பிறகு நோட்டில் கிழமை, மணி, பாடவேளை மூன்றையும் குறிக்கிறீர்கள். வியாழக்கிழமை வலி என்றால், பள்ளியில் அன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டிருக்கலாம். சத்துணவுக்குப் பிறகு கொடுத்தால் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே திரும்பத் திரும்ப வந்தால், விசாரிக்க வேண்டியது வகுப்பறையையும் வீட்டையும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை சோர்ந்தே கிடந்தால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கிறீர்கள். அது 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைக்கு மருந்து. மனச்சோர்வும் கூடவே இருக்கலாம் என்பதால், மாத்திரை கொடுத்த கையோடு விட்டுவிடாமல் மறுபடி கூப்பிட்டுப் பேசுகிறீர்கள்.

படபடத்து மூச்சு வாங்கி, கை மரத்துப்போகும் பிள்ளையைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். யாராவது காகிதப் பையை நீட்டுவார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. நீங்கள் கூட்டத்தைக் கலைத்து, வீசிங் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடச் சொல்லி, கூடவே நீங்களும் எண்ணுகிறீர்கள். வேகமாக மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் விரல் மரக்கிறது என்று பிள்ளைக்கே புரியும்படி சொல்லிவிடுவதால், அடுத்த முறை பயம் பாதியாகிவிடுகிறது.

இந்தக் குளிரில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். மணிக்கட்டில் கீறிக்கொண்டால்கூட வெளியே தெரியாது. பி.பி. பார்க்க ஸ்வெட்டர் கையை மடக்கிவிடச் சொல்லும்போது பார்த்துவிடுவது நீங்கள்தான். அதட்டாமல், காயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டே "சாகணும்னு நெனப்பு வருதா கண்ணு?" என்று நேராகக் கேட்கிறீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பிள்ளைக்குச் சுமைதான் இறங்கும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் நீங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். பிள்ளை வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவதால் பின்னால் நம்பிக்கை உடைவதில்லை. ஆபத்து தெரிந்த பிள்ளையை, ஆள் வந்து கூட்டிப்போகும்வரை தனியே விடுவதில்லை. பெற்றோரிடம் தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறீர்கள். காப்பித் தோட்ட வீடுகளில் இதைவிட அவசரமான பேச்சு எங்களுக்குத் தெரியவில்லை.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்புவதென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பெற்றோருக்கு ஒருநாள் கூலி போகும். வெறும் சீட்டோடு போனால் ஓ.பி. (வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம்) முடிந்து திரும்பி வருவார்கள், மறுமுறை போக மாட்டார்கள். அதனால் நீங்கள் முன்னதாகவே போன் செய்து ஓ.பி. நேரத்தைக் கேட்டுவைக்கிறீர்கள். எத்தனை வாரமாகத் தூக்கமில்லை, எடை எவ்வளவு இறங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறது என்று நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள். போய் வந்தார்களா என்று அடுத்த வாரம் வீட்டுப் படியேறிக் கேட்கிறீர்கள். 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது மலைப்பகுதிக் கணக்கு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே உள்ள ஏற்றம் அந்தக் கணக்கில் வராது.

எங்கள் பங்குக்குச் சில ஏற்பாடுகள் செய்கிறோம். பரிசோதனை நாளில் வராந்தாவில் வரிசை நிற்க வைத்தால் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது. இனி நீங்கள் வரும் நாளில் கதவுள்ள அறை ஒன்றைக் காலி செய்து, இரண்டு நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருப்போம். மனசு சரியில்லை என்றால் இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுவோம். அங்கேதான் யார் கண்ணிலும் படாமல் படிக்க முடியும் என்று சொன்னதும் நீங்கள்தான்.

நன்றியுடன்,
சேர்வராயன் மலைப்பள்ளி ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள்