ஞாயிறு சந்திப்பு: பெயர் வைப்பது பற்றி

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு மாலை 5 மணி, வேலூர் சத்துவாச்சாரியில் வழக்கமான மொட்டை மாடி. கோட்டைப் பூங்கா வேண்டாம். போன தடவை சுண்டல்காரர் நம்மை விட்டு நகரவே இல்லை. ஆளுபவர், அடங்குபவர் உறவில், அதாவது இருவரும் சம்மதித்து ஒருவர் ஆள, மற்றவர் அடங்கும் உறவில், பெயர் வைக்கும் வழக்கம் பற்றிப் பேசுகிறோம்.

1. ஆங்கிலத்தில் ஆளுபவர் பெயரைப் பெரிய எழுத்திலும் அடங்குபவர் பெயரைச் சிறிய எழுத்திலும் தொடங்குவார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? அந்த வேலையை நமக்கு 'நீ', 'நீங்க' செய்துவிடும். உங்கள் வீட்டில் எப்படி என்று யோசித்து வாருங்கள்.

2. இருவர் ஒப்புக்கொண்ட பெயர் அந்த இருவருக்கு மட்டும். மற்றவர்கள் அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. குழுவில் எல்லாரும் தன்னை 'ஐயா' என்று அழைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். முடியாது, சாரி.

3. 'அடிமை' என்ற சொல் நம் பக்கத்தில் சாதியோடு சேர்ந்தேதான் காதில் விழும். துணையிடம் கேட்காமல் அந்தப் பெயரை வைக்காதீர்கள். வைத்த பெயரை எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம்.

4. இங்கே புனைபெயர் மட்டும். வாட்ஸ்அப் முகப்பில் சொந்தப் பெயர் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாக 'வரேன்' என்று அனுப்புங்கள். தலைக்கணக்கு தெரிந்தால்தான் ஆற்காடு மக்கன் பேடா வாங்க முடியும்.