நகரச் சிவன் கோவில் மண்டப ஒலி-ஒளித் திருப்பணி: நிறைவு அறிக்கை

சிவமயம்

நகரத்தார் பெருமக்கள் அனைவருக்கும் காரியக் கமிட்டிச் செயலாளர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மண்டபத்தில் புரொஜெக்டர் மாட்டுவதற்குத் திருப்பணி என்று பெயரா என்று ஓர் அண்ணன் சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். தேவாரம் ஓதுவதும் அங்கேதான், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதும் அங்கேதான். அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வெள்ளையடிப்பு, நாற்காலி, பெயர்ந்த ஆத்தங்குடிக் கல் பதிப்பு எல்லாம் சொன்ன நாளில், சொன்ன தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இது ஒன்றுதான்: "கையில் ரிமோட் இருக்க, புரொஜெக்டருக்குக் கம்பி இழுத்து எதற்கு இவ்வளவு செலவு?"

பழைய புரொஜெக்டர் எப்படிப் போனது என்பதை மறந்துவிட்டோம். ஒரு சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) ரிமோட் எட்டவில்லை என்று கையாள் ஒருவர் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். விளக்குச் சூடு ஆறும் வரை உள்ளே விசிறி ஓட வேண்டும். ஓடவில்லை, விளக்கு போயிற்று. ரிமோட் கட்டளையைச் சொல்லும், அவ்வளவுதான். கேட்டதா, நடந்ததா என்று அதற்குத் தெரியாது. சீரியல் போர்ட் என்கிற 9 ஊசி வாய் வழியாகப் பேசினால் புரொஜெக்டர் பதில் சொல்லும்: உறங்குகிறேன், சூடேறுகிறேன், எரிகிறேன், ஆறுகிறேன் என்று. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு கம்பி. மூன்றே கம்பிதான். இந்த ஏற்பாடு 1960-லேயே வந்த ஆர்.எஸ்.232. இதைப் போடச் சொன்னது கமிட்டி, அந்த முடிவில் எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். அவர் பெயர் இங்கே வேண்டாம். மதிப்பீடு 4,60,000. மாட்டி முடித்த அன்று பொத்தானை அழுத்தினோம், புரொஜெக்டர் அசையவில்லை. கட்டளையின் கடைசியில் 13 என்ற எண் போய்ச் சேர வேண்டுமாம், அதுதான் "முடித்துவிட்டேன்" என்பதற்கு அடையாளம். அது விட்டுப்போயிருந்தது. கடுதாசி எழுதிவிட்டுத் தபாலில் சேர்க்காத கதை. அதைச் சரிசெய்த பிறகும் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் எரிந்தது. மின்விசிறிகளைச் சுழலவிட்டால் அதுவும் இல்லை.

அனுப்பவும் வாங்கவும் உள்ள இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் மாறியிருக்கும் என்று சாரம் கட்டி ஏறினார். மாற்றினார், அடியோடு நின்றது. திரும்ப மாற்றினார். புரொஜெக்டர் கோளாறு என்றார். தானம் கொடுத்தவர் வீட்டிலிருந்து எனக்கு வந்த போன் எத்தனை என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் நம் புள்ளிகளில் (கோவில் கணக்கில் உள்ள குடும்பங்களில்) ஒருவர், காரைக்குடி செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த நிலையம் 1953-ல் திறந்தது. அந்தக் கொடை நம் மண்டபத்துக்கு இப்படி வந்து சேரும் என்று யார் கண்டது!) ஆய்வுக்கூடக் கருவிகளோடு இதே 9 ஊசியில் வருஷக்கணக்காகப் பேசியவர்கள். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கம்பி எத்தனை அடி?" 110 அடி. இந்த ஏற்பாட்டுக்கு 50 அடிதான் பாதுகாப்பான கணக்கு. ஊசி மாறியிருந்தால் ஒருபோதும் எரியாது, சில நேரம் எரிகிறதென்றால் கம்பி நீளம்தான் காரணம், போதாக்குறைக்கு விசிறி வயரோடு ஒட்டிப் போகிறது என்றார்கள். வேகத்தைக் குறைத்தால் தூரம் கூடும், ஆனால் நம் புரொஜெக்டர் வினாடிக்கு 9600 பிட் என்ற ஒரே வேகத்தில் மட்டுமே பேசும் ரகம்.

பரிகாரம் ஆர்.எஸ்.485. இரண்டு முனையிலும் ஒரு சின்னக் கன்வெர்ட்டர், நடுவில் முறுக்கிய ஜோடிக் கம்பி. இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல் ஏறுவதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும்போது அது கழிந்துவிடும். 1,200 மீட்டர் வரை போகும் சரக்குக்கு நம் 110 அடி எம்மாத்திரம்.

ஒப்பந்தக்காரர் கூடுதல் பில் கொடுத்தார்: கம்பி, குழாய், கன்வெர்ட்டர் 19,400. இரண்டாம் தடவை சாரம் 14,000. புரோகிராம் மாற்றி எழுதியது 18,000. ஆக 51,400. ஒரு காசு கொடுக்கக் கூடாது என்று பாதிப் பேர், முழுதும் கொடுத்துத் தொலையுங்கள் என்று மீதிப் பேர். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் முதலில் கேட்ட வழி 40 அடிதான். முட்டைச் சாந்துச் சுவரில் துளை போட வேண்டியிருந்தது. பெரியவர்கள் பார்த்துப் பார்த்துப் பூசின சுவர், இன்றைக்கும் முகம் தெரிகிறது. துளை போடக் கூடாது, சுற்றிக் கொண்டுபோங்கள் என்று சொன்னது நான். சுற்றினால் கம்பிக்கு எட்டாது என்று சொல்லியிருக்க வேண்டியது அவர். பாதிக்குப் பாதி, 25,700 கொடுத்தோம். வாங்கும்போது முகம் கோணித்தான் இருந்தது, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஒரே பொத்தான். அழுத்தினால் திரை இறங்கும், புரொஜெக்டர் எரியும், கடைசியில் ஆம்பிளிஃபையர். நிறுத்தும்போது ஆம்பிளிஃபையர் முதலில் அணையும், இல்லையென்றால் ஸ்பீக்கரில் டமார் என்று அடிக்கும். புரொஜெக்டர் "ஆறிவிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் மின்சாரம் நிற்கும்.

பெயர் வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னதால் எல்லோருக்கும் வீட்டு அடையாளம் மட்டும். புரொஜெக்டர் கீழவீதி ஆல்வீட்டார். திரையும் மோட்டாரும் பினாங்குப் பேரன்மார் நால்வர். ஆம்பிளிஃபையர் ஊருணிக்கரை வீட்டு ஆச்சி, தன் சாந்திக் கல்யாண நினைவாக. ஸ்பீக்கர் நான்கும் மேலவீதிப் பங்காளிகள் ஆறு புள்ளி. மைக் சிங்கப்பூர் மாப்பிள்ளை. கன்வெர்ட்டர் ஜோடி, கடைசி நேரத்தில் கேட்டதும் கொடுத்த வடக்குவீதி அண்ணன். விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொண்டு எனக்குச் சொல்லவும், கல்வெட்டு இன்னும் வெட்டவில்லை.

வரவு 4,90,000. செலவு 4,85,700. இருப்பு 4,300, ஐந்தொகையில் ஏற்றியாயிற்று. மாற்றுக் கன்வெர்ட்டர் ஒன்று கணக்கப்பிள்ளை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சுவர் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், சாவி என்னிடம்.