கூடுவாஞ்சேரியில் வீடு பார்க்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய இரண்டு வீட்டுப் படங்களையும் பார்த்தேன். ஹால் பெரிசு, புதுப் பெயிண்ட், எல்லாம் சரி. ஆனால் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு இரண்டு பேருமே "ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கம்தான்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள் பார். வேளச்சேரியை விட வாடகை இவ்வளவு குறைச்சலா என்று நீயும் மாப்பிள்ளையும் சந்தோஷப்படுகிறீர்கள், நியாயம்தான். அந்த மிச்சத்தை ஷேர் ஆட்டோவுக்கும் வண்டி ஸ்டாண்டுக்கும், மழை நாளில் ராத்திரி இறங்கி வேறு வழியில்லாமல் கூப்பிடுகிற ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டால் கையில் என்ன நிற்கும்? ஒரு ரூம் குறைந்தாலும் பரவாயில்லை, ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எடு என்பதுதான் என் கட்சி.

தாம்பரத்துக்கு வடக்கேயே பார்க்கக் கூடாதா என்கிறாள் அம்மா. மாப்பிள்ளை ஒரகடம் போக வேண்டும், நீ கிண்டி போக வேண்டும், நடுவில் எங்கேயாவதுதான் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931லேயே வந்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்த ரயிலைப் பிடித்து வளர்ந்த ஊர்கள். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டி குறைவு, பல வண்டிகள் அங்கேயே திரும்பிவிடும், ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று இருப்பதிலும் சிலதை ரத்து செய்வார்கள். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், ஆபீஸ் முடிகிற நேரத்துக்குக் கிண்டியில் செங்கல்பட்டு வண்டி ஏறி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரியில் இறங்கி, அந்த வீட்டு வாசல் வரை நடந்து பார். தெரு விளக்கு எரிகிறதா, எத்தனை நாய் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் பைக்கில் உட்கார்ந்து பார்த்த வீடு வேறு, அது வேறு.

தண்ணீர் விஷயம். வீட்டுக்காரர் காட்டாவிட்டாலும் பாத்ரூம் குழாய் வாயைத் தொட்டுப் பார். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் தண்ணீர் உப்பு, குடிக்கச் சமைக்கக் கேன்தான். இன்னொரு தண்ணீரும் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரத்தில் படகு விட்டு ஆட்களை மீட்டார்களே, அந்த ஆற்றுக்கு உனக்குப் பக்கத்திலிருக்கிற ஆதனூர் ஏரியிலிருந்தும் தண்ணீர் போகிறது. நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று வீட்டுக்காரரைக் கேட்காதே, எதிர்த்த டீக்கடையில் கேள். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியையும் பார். வழக்கமான உயரத்தை விட்டு எங்கேயோ மேலே ஏற்றி மாட்டியிருந்து, கீழே பழைய பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளையும் பட்டி பார்த்த தடமும் தெரிந்தால், அந்த வீட்டுக்குள் ஒரு தடவையாவது தண்ணீர் வந்திருக்கக்கூடும். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன் சொல்கிறேன், பெயிண்ட் அடித்தாலும் மீட்டர் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும்.

மீட்டர் என்றதும் ஞாபகம் வந்தது, இரண்டாவது வீட்டில் சப் மீட்டர் என்றாயே, அதாவது ஓனர் இணைப்பிலிருந்தே உங்கள் பங்கை மட்டும் அளக்கிற மீட்டர், அதற்கு என்ன கணக்கு என்று தெளிவாகக் கேள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. கீழே ஓனர், மேலே நீங்கள், இரண்டு பேருக்கும் ஒரே இணைப்பு என்றால் இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேரும். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, 500க்குக் கீழே உள்ள சில யூனிட்டுக்கும் கூடுதல் ரேட் வந்துவிடும். அவர் வீட்டு ஏசிக்கு நீ பணம் கட்டுவாய். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. தனி இணைப்பு இருக்கிற வீடு ஐந்நூறு ரூபாய் கூட என்றாலும் அதுதான் லாபம்.

அட்வான்ஸ் பத்து மாசம் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வராதே. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. "வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை" என்பதைக் கவனி, அந்த ஓட்டையில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளையை வரிவரியாகப் படிக்கச் சொல். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அதைப் பேசிக் குறைக்கலாம். என்ன தகராறு வந்தாலும் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. பதினொரு மாத பத்திரம் போதும், பதிவெல்லாம் எதற்கு என்பார்கள். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

வாடகை கொடுக்கிற காசுக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடலாமே என்று உன் பெரியப்பா போன் செய்தாராமே. அவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். இரண்டு வருஷம் அந்த ஊரில் குடியிருந்து, மழையும் ரயிலும் எப்படி என்று பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

எங்களுக்கு ஒரு வசதி, இப்போது விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினால் உங்களுக்குப் பக்கத்திலிருக்கிற கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலேயே இறங்கிவிடலாம், கோயம்பேடு வரை போய்த் திரும்ப வேண்டாம். பால் காய்ச்சுகிற தேதியை முடிவு செய்து சொல். சாவி வாங்குகிற அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன்னால், மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கும் எனக்கும் அனுப்பிவிடு. வீடு எத்தனாவது மாடி, லிப்ட் உண்டா என்றும் எழுது, அம்மா ஒரு மூட்டை அரிசி தயாராக வைத்திருக்கிறாள், தூக்குவது நான்.

அன்புடன்,
அப்பா