ராய்லட்டின் சாவும் ஹோம்ஸின் பொறுப்பும்: பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த மாணவர் பட்டிமன்றத்தில் நீங்கள் சொன்ன தீர்ப்பைப் பற்றியதுதான் இந்த மடல். கானன் டாயில் எழுதிய கதையில் வரும் டாக்டர் ராய்லட்டின் சாவுக்குத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் பொறுப்பில்லை என்ற அணி வென்றதில் எங்களுக்கு வருத்தமில்லை. "ஹோம்ஸே பொறுப்பை ஒப்புக்கொள்கிறார்" என்று பேசிய மாணவிக்கு, கதையில் இல்லாததைச் சொன்னதாக மதிப்பெண் குறைத்தீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

கதையில் இருக்கிறது, ஐயா. 1892இல் வெளிவந்த 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையின் கடைசி வாக்கியமே அதுதான். ராய்லட்டின் சாவுக்குத் தான் மறைமுகமாகப் பொறுப்பு, ஆனால் அது தன் மனசாட்சியைப் பெரிதாக உறுத்தப்போவதில்லை என்கிறார் ஹோம்ஸ். நீங்கள் கொடுத்த சுருக்கப் பிரதியோ ராய்லட் செத்துக் கிடப்பதோடு முடிந்துவிடுகிறது. முழுக் கதையைத் தேடிப் படித்ததற்கா அந்தப் பிள்ளைக்குத் தண்டனை? மதிப்பெண்ணைத் திருத்துங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தன் மனைவியின் மகள் ஹெலனைக் கொல்லப் பக்கத்து அறையிலிருந்து விஷப்பாம்பை ஏவுகிறார் ராய்லட்; ஹெலனின் அறையில் காத்திருக்கிறார் ஹோம்ஸ். அந்த ராத்திரியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தரையோடு அறையப்பட்ட கட்டில், மணியே இல்லாத மணிக்கயிறு, ராய்லட்டின் அறைக்குள் திறக்கும் காற்றுத்துளை. இவை எல்லாவற்றையும் ஹோம்ஸ் பகலிலேயே பார்த்துவிட்டார். ராத்திரி மூன்று மணி அடித்த பிறகு துளையில் வெளிச்சம் மின்னி மறைகிறது, எண்ணெய் எரியும் வாடை வருகிறது. அந்தப் பக்கம் ஆள் விழித்திருப்பது அவருக்குத் தெரியும். அரை மணி கழித்துச் சீறல் கேட்டதும் தீக்குச்சியைக் கிழித்து, கயிற்றில் இருந்த பாம்பைப் பிரம்பால் விளாசுகிறார். பாம்பு திரும்பிப் போக இருந்தது ஒரே வழி, அந்த வழியின் முடிவில் இருந்தது ஒரே ஆள். (ராய்லட் விசிலடித்துப் பாம்பைத் திரும்ப அழைப்பதாகக் கதை; விசிலுக்குப் பாம்பு கட்டுப்படாது என்பது இங்குள்ள இருளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கதைக்காக அதை விட்டுவிடுவோம்.)

உயிர் தப்ப அடித்தார் என்பது நியாயமான வாதம். இங்கிலாந்துக் கதையை நம் சட்டத்தில் வைத்துப் பார்த்தாலும், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்காகக் கொல்லவும் இடம்தரும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு, அவர் பக்கம் பேசும். ஆனால் 37ஆவது பிரிவு, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கிறது. பகல் முழுக்க அவகாசம் இருந்ததே என்று ஓர் அணி கேட்கலாம். கையில் ஆதாரம் இல்லாமல் போலீஸ் நம்பியிருக்குமா என்று மறு அணி திருப்பிக் கேட்கலாம். மேடையில் நடந்திருக்க வேண்டிய இந்த விவாதத்தைத்தான் உங்கள் சுருக்கப் பிரதி நடக்கவிடாமல் செய்துவிட்டது.

எங்களைக் கேட்டால், அடித்ததில் குற்றமில்லை. அடுத்த அறையில் அலறல் கேட்டதும், எல்லாம் முடிந்தது, ஒருவேளை இதுவே நல்லதோ என்னவோ என்கிறாரே, அந்த நிம்மதியில்தான் பாரம் இருக்கிறது. ஆபத்தான வளர்ப்புப் பிராணியோடு விளையாடி டாக்டர் செத்தார் என்று அரசு விசாரணை முடிகிறது. ஹோம்ஸ் அதை மறுத்ததாக ஒரு வரியும் இல்லை. ஹெலனின் ரகசியத்தைக் காப்பாற்றவே வாயைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தெரிந்த உண்மையை மறைத்த பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

நம் போட்டிகளில் எதற்கெடுத்தாலும் நோட்ஸ், குறிப்புப் பிரதி. மூலத்தைத் தொட்டுப் பார்க்காமலே பிள்ளைகள் மேடையேறுகிறார்கள், நடுவர்களும் அப்படியே வந்து அமர்கிறார்கள். ஒரு கதாபாத்திரத்தின் மனசாட்சியை நான்கு பக்கச் சுருக்கத்தில் எப்படி எடைபோடுவது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கதையின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்துங்கள். திருத்தியதைக் கலந்துகொண்ட பள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த சுற்றுக்கு முழுக் கதையையும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர் வாசகர்கள் சிலர்