ஜென் ஃபெயின் சம்பளக் கணக்கு

அன்புள்ள மூர்த்திக்கு,

மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். ஜென் ஃபெய் வரும் சீனத் தொடரைப் பார்த்துவிட்டு, "ராஜா பெண்டாட்டிக்கு எதுக்குடா லஞ்சம்?" என்று கேட்டிருந்தாய். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் சிங் வம்ச அந்தப்புரத்தில் எட்டுப் படிகள். பட்டத்தரசிக்கு ஆண்டுக்கு 1000 தாயெல் வெள்ளி, பத்துப் பணிப்பெண்கள். நடுவில் இருக்கும் ஃபெய்க்கு 300 தாயெல், ஆறு பேர். அதற்கு அடுத்த படியின் பெயர் 'பின்', அதற்கு 200. குய்ரென்னுக்கு 100, நாலு பேர். கடைசிப்படி தாயிங், வெறும் 30. ஒரு தாயெல் சுமார் 37 கிராம். இறைச்சி, மெழுகுவத்தி, கரி, துணி எல்லாம் படிக்குத் தக்கபடி தனியாக அளந்து வரும். வெள்ளியெல்லாம் அண்ணகர்களுக்கும் (விதையடிக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள்) ஏவலாட்களுக்கும் கொடுக்கும் இனாமில் கரைந்துபோகும். இனாமில் கை சுருங்கினால் நடக்கவேண்டிய காரியம் நடக்காது.

உள்ளே நுழைவதும் லேசில்லை. எட்டுக் கொடிப் படை என்ற மஞ்சு ராணுவ அமைப்பைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்கள் மூன்றாண்டுக்கொரு முறை வந்து நிற்க வேண்டும். அதற்கு முன் கல்யாணம் பேசக்கூடாது. பெயர் எழுதிய கட்டையை வைத்துக்கொண்டால் தேர்வு, திருப்பிக் கொடுத்தால் வீட்டுக்கு. மஞ்சு வழக்கப்படி ஒரு காதுக்கு மூன்று தோடு. சீனப் பெண்களைப் போல ஒற்றைத் தோட்டோடு சில பெண்கள் வந்து நின்றதைப் பார்த்துச் சியென்லோங் பேரரசர் கடிந்துகொண்டு உத்தரவே போட்டார்! சீனப் பெண்களைப் போலப் பாதம் சிறுக்க இறுகக் கட்டுவதும் கூடாது; அதற்குப் பதில் அடிப்பாதத்தின் நடுவில் மரக்கட்டை வைத்த உயரமான செருப்பு. குதிகாலை முதலில் ஊன்றினால் ஆள் சாய்ந்துவிடும் என்பதால் பாதத்தைத் தட்டையாக வைத்து மெல்ல நடப்பார்கள்.

நீ கேட்டது குவாங்ஷு பேரரசரின் ஜென் ஃபெய் கதைதான். 1889-இல் 'பின்' படியில் உள்ளே வந்தவள். 1894 தொடக்கத்தில், பேரரசரின் பெரியம்மாவும் அரசமாதாவுமான சிசியின் அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு ஃபெய் ஆனாள். தாராளமாக இனாம் கொடுக்கிற கை, 300 எப்படிப் போதும்? பதவிகளை விலைபேசினாள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் குய்ரென்னாக இறக்கினார்கள். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அதே அந்தப்புரத்தில் இருந்த அக்கா ஜின்னுக்கும் அதே கதி. மறு வருடம் இருவருக்கும் பட்டம் திரும்பியது. எனக்கென்னவோ அந்தக் குற்றச்சாட்டில் பாதி அரசியல்தான் என்று படுகிறது. பேரரசர் அவளிடம் பிரியமாக இருந்தது சிசிக்குப் பிடிக்கவில்லை.

1900-இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்த சமயம் அரண்மனைக் கிணற்றில் மாண்டாள். வடகிழக்கு மூலையில் அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. அதன் மேல் கல் வளையம், வாய் ரொம்பக் குறுகல்.

பதில் போடு.

உன்,
சுந்தரம்