ராயல்டில நஷ்டம் தேறுமா? சேகருக்கு ஒரு பதில்

டேய் சேகர்,

லெட்டர் கெடச்சுது. லேட்டா பதில் போடுறேன்னு திட்டாத, அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் பண்ணி இப்பதான் வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம், நல்லாருக்காங்க, சீரியல் பாக்காதீங்கன்னா மட்டும் கேக்க மாட்டேங்குறாங்க. சின்னவ பி.காம் சேந்துட்டா. நம்ம தொழிலுக்கே வராளாம், பாவம்.

சரி உன் பையன் சொன்ன மேட்டருக்கு வரேன். பிஎஸ்3ங்குற கேம் மெஷின சோனி வேணும்னே நஷ்டத்துல வித்தான், அதுக்குள்ள வச்ச ப்ளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த பட டிஸ்க்) போட்டி டிஸ்க்க ஜெயிச்சதும், அந்த டெக்னிக்க யூஸ் பண்றவங்க கட்டுற ராயல்டிலயே அத்தனையும் எடுத்துட்டான்னு சொல்றானாமே. கேக்க நல்லாத்தான் இருக்கு, கால்குலேட்டர எடுத்தா நிக்க மாட்டேங்குது.

2006 நவம்பர்ல அது அமெரிக்கால வந்தப்போ 20 ஜிபி மாடல் 499 டாலர். ஐசப்ளைன்னு ஒரு கம்பெனி அத பிரிச்சு போட்டு ஒவ்வொரு பார்ட்டா வெல போட்டுச்சு, செலவே 805 டாலருக்கு மேல வந்துச்சு, அதாவது ஒண்ணு வித்தா 300 டாலருக்கு மேல கைய விட்டு போகுது. அதுல ப்ளூரே டிரைவ் மட்டுமே 125 டாலர். அதுக்குள்ள இருக்குற நீல லேசர் டயோடு போதுமான அளவுக்கு கெடைக்காம ஐரோப்பால ரிலீஸையே 2007 மார்ச்சுக்கு தள்ளி வச்சானுங்க. அந்த வருஷ கணக்குல சோனியோட கேம் பிரிவுக்கு மட்டும் 23,230 கோடி யென் நஷ்டம், அன்னைக்கு ரேட்டுக்கு சுமார் 200 கோடி டாலர். அடுத்த வருஷம் இன்னொரு 12,450 கோடி யென்.

இப்ப வரவு பக்கம் பாரு. 2009ல பானாசோனிக், ஃபிலிப்ஸ், சோனி மூணு பேரும் சேந்து ப்ளூரே பேடன்டுக்கெல்லாம் ஒரே லைசன்ஸ்னு அறிவிச்சாங்க. ஒரு ப்ளேயருக்கு ஒம்போதர டாலர், ஒரு படத்து டிஸ்க்குக்கு 11 சென்ட். அந்த ஒம்போதர டாலர் மொத்தமும் சோனிக்கே வருதுன்னு வச்சுகிட்டாகூட, வித்த ஒரு பிஎஸ்3யோட ஓட்டைய அடைக்க வேற ஆளுங்க 32 ப்ளேயர் விக்கணும். டிஸ்க்குல எடுக்கணும்னா அந்த மொத வருஷ நஷ்டத்துக்கு மட்டும் 1,800 கோடி டிஸ்க், அன்னைக்கு உலக ஜனத்தொகைல ஆளுக்கு ரெண்டுக்கு மேல! அதுவும் மத்தவனுக்கு பங்கு குடுக்காம இருந்தா. யானைப் பசிக்கு சோளப்பொரிடா. இன்னொண்ணு, பிஎஸ்3யே ஒரு ப்ளூரே ப்ளேயர்தான, அதுக்கான ராயல்டி சோனியோட ஒரு பாக்கெட்லேருந்து போய் கொஞ்சம்தான் இன்னொரு பாக்கெட்டுக்கு வரும், மிச்சம் மத்தவங்களுக்கு.

சிடிய வச்சு உன் பையன் வாதாடுவான் பாரு. 1982ல வந்த சிடி முக்கியமா ஃபிலிப்ஸும் சோனியும் சேந்து பண்ணது, பங்குக்கு ஆளும் கம்மி, போட்டியும் இல்ல, அதனால நல்லாவே சம்பாதிச்சாங்க. ஆனா அங்க மெஷினுக்கு 300 டாலர் கைக்காசு போடல. டிவிடிலயே கூட்டம் பெருத்து ரெண்டு கும்பலா பிரிஞ்சு ராயல்டி வசூல் பண்ணானுங்க. ப்ளூரே ஆரம்பத்துலயே ஒம்போது கம்பெனி.

நிஜமான ராயல்டி எங்க இருக்குன்னா கேம்ல. அடுத்தவன் பண்ற ஒவ்வொரு கேம் டிஸ்க்குக்கும் அந்த கேம் மெஷின் பண்றவனுக்கு சில டாலர் போகும், 11 சென்ட் எங்க அது எங்க? முந்தின மெஷின் பிஎஸ்2 அப்படித்தான் 15 கோடிக்கு மேல வித்து கொட்டுச்சு. பிஎஸ்3ல அந்த வரவுக்கு முன்னாடி மெஷின் செலவ கொறச்சே ஆகணும்னு 2007 கடைசில 40 ஜிபி மாடல் விட்டான், நாலு யுஎஸ்பி ரெண்டாச்சு, மெமரி கார்டு ஸ்லாட் போச்சு, பிஎஸ்2 கேம் ஓடுற வசதியும் போச்சு, வெல 399. என் கணக்குல மீட்டது இந்த மாதிரி வெட்டுதான், ப்ளூரே இல்ல.

அதுக்காக ப்ளூரே வேஸ்ட்டுனு சொல்லல. 2008 ஜனவரில வார்னர் சினிமா ஸ்டுடியோ ப்ளூரே பக்கம் சாஞ்சு பிப்ரவரி 19ல தோஷிபா தன்னோட போட்டி டிஸ்க்கான ஹெச்டி டிவிடிய கைவிட்டதுக்கு, வீட்டுக்கு வீடு உக்காந்திருந்த பிஎஸ்3 பெரிய காரணம். மைக்ரோசாஃப்ட் தன்னோட கேம் மெஷினுக்கு ஹெச்டி டிவிடி டிரைவ தனியா 199 டாலருக்கு வித்தான், எத்தன பேரு வாங்குவான்? சோனிக்கு சொந்தமா ஸ்டுடியோ இருக்கு, டிஸ்க் அடிக்கிற ஃபேக்டரி இருக்கு, அங்க லாபம் வந்திருக்கும். ஆனா நெட்ஃப்ளிக்ஸ் ஸ்ட்ரீமிங் ஆரம்பிச்சது 2007லயே. ஜெயிச்சவன் கையில மார்க்கெட் நெனச்ச அளவு வளரல. இப்ப பாரு, 2024ல வந்த பிஎஸ்5 ப்ரோல டிரைவே கெடையாது, வேணும்னா தனியா காசு குடுத்து வாங்கிக்கணும்.

இத பையன்கிட்ட படிச்சு காட்டு, கோச்சுகிட்டான்னா என் நம்பர குடு. கீதாவோட தங்கச்சிக்கு வரன் பாக்குறோம்னியே என்னாச்சு? கோயம்புத்தூர்ல ஒரு பையன் இருக்கான், நல்ல குடும்பம், ஜாதகம் வாங்கி அனுப்பவா?

ரவி