இரண்டாவது கையெழுத்து

அம்மாடி,

வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் அரை மணி நேரம், என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" மட்டும். சாப்பிட்டேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன் அத்தை மாதிரி நாலு மணிக்குத் தள்ளாதே.

2025 ஜனவரி 5-இல் ஊராட்சித் தலைவராக என் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஊராட்சிக்கு அரசு போட்ட தனி அலுவலர்தான். ஆனாலும் "தலைவரே, தெருவிளக்கு எரியலை" என்று வாசலுக்கு வருகிறார்கள். சிலர் "சார்" என்கிறார்கள். அதுதான் காதுக்கு நன்றாக இருக்கிறது.

நீ டீம் லீடர் ஆனதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பேரை வைத்து வேலை வாங்குவது லேசு இல்லை, விட்டுக்கொடுத்துப் போ. முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியாத பாடம் அது. பூட்டு சாவி சின்னத்தில் ஜெயித்து 2020 ஜனவரி 6-இல் உறுதிமொழி எடுத்தேன். ஐந்து நாள் கழித்து வார்டு உறுப்பினர்கள் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செக்கில் அவர் கையெழுத்தும் விழுந்தால்தான் மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், எல்லாம். அவர் வீட்டுத் திண்ணையில் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பேன்! விட்டுக்கொடுத்ததால்தான் தண்ணீர்த் தொட்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன், விட்டுக்கொடுத்துப் போ.

கீழத்தெருக் குழாய் தள்ளிப்போனபோது, நிதி வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? 2021 அக்டோபர் 2 கிராம சபையிலும் அதையேதான் சொன்னேன். உன் சிநேகிதி எழுந்து, எப்போது வரும் என்று தேதி கேட்டாள். "உட்காரும்மா" என்றேன், வகுப்பில் சொல்கிற மாதிரியே. உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பேப்பரில், முதலமைச்சர் பாப்பாபட்டி கிராம சபையில் உட்கார்ந்திருந்த படம். தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கியதற்காகப் பத்து வருஷம் தேர்தலே நடக்கவிடாத ஊர். அதை வகுப்பில் சொல்லி உங்களுக்கெல்லாம் கோபம் வரவைத்தவன் நான்.

நிதி வந்திருந்தது, அம்மாடி. முதலில் எங்கள் தெரு, அப்புறம்தான் அவர்களுக்கு என்றார் துணைத்தலைவர். அடுத்த செக்கை நினைத்துச் சரி என்றேன். பதினொரு மாதம். உன் சிநேகிதியின் அம்மா குடத்தோடு நம் வாசலைத் தாண்டித்தான் போவாள். நான் நாற்காலியைக் கொல்லைப்பக்கம் மாற்றிக்கொண்டேன். அங்கேதான் காற்று வருகிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

உன் சிநேகிதி உன்னிடம் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டாலும் இப்போது நானே சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ராத்திரி பஸ் வேண்டாம். ரயிலில் இப்போதே டிக்கெட் போடு, கீழ் பெர்த்தாகப் பார்த்து.

அப்பா